புகழுக்கு முன்னால் நின்ற ஐவர்

1967 டிசெம்பர் 31ஆம் திகதி, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள கிறீன் பே நகரில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடைபெற்றது. ஆட்டம் முடிவதற்குச் சில விநாடிகளே இருந்த வேளையில், பார்ட் ஸ்டார் என்ற வீரர் பந்துடன் இலக்குக் கோட்டுக்கு அப்பால் விழுந்தார். அவருக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் ஜெரி கிறேமர். ஸ்டார் 1977ஆம் ஆண்டில் அந்த விளையாட்டின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். கிறேமர் சேர்க்கப்பட்டது 2018ஆம் ஆண்டில். ஒரே கணம், ஓரடி இடைவெளியில் நின்ற இருவர்; அவர்களது புகழுக்கு இடையிலோ 41 ஆண்டுகள். அந்த மேடையில் ஏறியபோது கிறேமருக்கு வயது 82.

இந்த 41 ஆண்டுகள் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தன. பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற வகையில், ஒரு வெற்றியின் செய்தி எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை நான் அறிவேன். பந்து எங்கே செல்கின்றதோ அங்கே கண் செல்லும். கண் சென்ற இடத்துக்குப் பேனா செல்லும். பேனா எழுதிய பெயரே பின்னர் வரலாறாகும். அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வரலாறு இந்தப் பழக்கத்தைச் சோதிக்க நல்லதோர் உரைகல். அங்கே புகழின் பெரும்பங்கு 'குவாட்டர்பெக்' எனப்படும் ஒருவரிடம் சென்று சேருகின்றது. அந்தப் புகழ் ஐந்து பேரின் தோள்களில் தங்கியிருக்கின்றது என்பதே இங்கு நான் கூற விழைவது.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாமறிந்த உதைபந்தாட்டம் அன்று. அது றக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்தது. 1880ஆம் ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் காம்ப் என்பவரின் முயற்சியால், ஓரணிக்கு 11 பேர் என்ற விதியும், இரு அணிகளும் ஒரு கோட்டின் இருபுறமும் நின்று ஆட்டத்தைத் தொடங்கும் ஏற்பாடும் வந்தன. றக்பியைப் பார்த்துப் பழகிய நமது வாசகர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொன்னால் போதும். றக்பியில், பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் சென்று எதிரணியினரை மறிப்பது குற்றம். அமெரிக்க ஆட்டத்தில் அவ்வாறு மறிப்பதே ஐந்து பேரின் முழுநேரத் தொழில்.

ஆரம்பகாலத்தில் இந்த மறிப்பு உயிர்களைக் குடித்தது. வீரர்கள் ஒன்றாகத் திரண்டு ஆப்பு வடிவில் எதிரணி மீது பாய்வார்கள். மாணவர்கள் மைதானத்தில் உயிரிழந்தனர். 1905ஆம் ஆண்டில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்த நேர்ந்தது. மறு ஆண்டில், பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி அனுமதிக்கப்பட்டது. ஆட்டத்தின் தன்மையே அதன்பின் மாறத் தொடங்கியது.

எறிபவர் ஓட முடியாது. அவர் பின்னோக்கிச் சில அடிகள் வைத்து, நின்று, தூரத்தே ஓடும் தம் தோழரைத் தேட வேண்டும். அவ்வேளையில் தம்மை நோக்கி வருபவர்களை அவர் பார்க்க இயலாது. பார்க்கத் தொடங்கினால் எறிய இயலாது. ஆகவே அவருக்காகப் பார்க்கவும் தாங்கவும் வேறு சிலர் தேவைப்பட்டனர். நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னே கொடுக்கும் 'சென்ரர்', அவருக்கு இருபுறமும் இரு 'கார்ட்', அவர்களுக்கு அப்பால் இரு 'டெக்கிள்' என ஐவர் கொண்ட முன்வரிசை அது. எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும் உரிமை சாதாரணமாக இவர்களுக்கு இல்லை. சுமார் மூன்று விநாடிகளை எதிரணியிடமிருந்து பிடுங்கிக் குவாட்டர்பெக்கின் கையில் கொடுப்பதே இவர்கள் வேலை.

இதனை நன்கு உணர்ந்திருந்தவர் கிறீன் பே பெக்கர்ஸ் அணியின் பயிற்றுநர் வின்ஸ் லொம்பார்டி. அவரே ஒரு முன்வரிசை வீரர். 1930களில் போர்ட்ஹம் பல்கலைக்கழக அணியில் 'ஏழு கருங்கற் பாளங்கள்' என்று புகழப்பட்ட வரிசையில் கார்ட் நிலையில் ஆடியவர். 1959இல் அவர் கிறீன் பேக்கு வந்தபோது, அந்த அணி முந்திய பருவத்தில் ஒரேயொரு போட்டியில்தான் வென்றிருந்தது. பார்ட் ஸ்டாரோ 1956ஆம் ஆண்டுத் தெரிவில் 17ஆவது சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். லொம்பார்டியின் கீழ் அந்த அணி 1961 முதல் 1967 வரையான ஏழு பருவங்களில் ஐந்து தடவை சம்பியனானது.

1967ஆம் ஆண்டின் கடைசி நாளில் டலஸ் கவ்போய்ஸ் அணியுடன் நடந்த சம்பியன் போட்டியின்போது வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தது. மைதானம் உறைந்து பனிப்பாளமாகியது. அன்று முன்வரிசை பலமுறை உடைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டார் எட்டுத் தடவை வீழ்த்தப்பட்டார். எனினும், 17க்கு 14 எனப் பின்தங்கிய நிலையில் அவரது அணி இறுதி ஐந்து நிமிடங்களில் 68 யார் தூரம் முன்னேறி, இலக்குக் கோட்டிலிருந்து இரண்டடி தூரத்தில் வந்து நின்றது. எஞ்சியிருந்தவை 16 விநாடிகள்.

பின்னால் நின்று பந்தைப் பெற்று ஓடுபவர்களின் கால்கள் வழுக்கின. எனவே, தானே பந்தை எடுத்துச் செல்வதாக ஸ்டார் லொம்பார்டியிடம் கூறினார். தம் அணியினரிடம் அதனைச் சொல்லவில்லை. எதிரே நின்ற ஜெத்ரோ பியூ என்ற டலஸ் வீரர் பாயும்போது உடலை உயர்த்துவார் என்பதைக் கிறேமர் அந்த வாரம் படச்சுருளைப் பார்த்துக் கண்டறிந்திருந்தார். கிறேமரும் சென்ரர் நிலையில் நின்ற கென் போமனும் சேர்ந்து பியூவைத் தாழ்வாகத் தாக்கிப் பின்னே தள்ளினர். அந்த இடைவெளியில் ஸ்டார் விழுந்தார். 21க்கு 17 என வெற்றி கிடைத்தது.

அந்தக் காட்சி தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. கிறேமரின் மறிப்பு நாடறிந்ததாயிற்று. மறு ஆண்டில் வெளிவந்த அவரது நாட்குறிப்பு நூலின் பெயரே 'இன்ஸ்டன்ட் ரீப்ளே' என அமைந்தது. ஆனால் அதே மறிப்பில் பாதிப் பங்கு கொண்ட போமனின் பெயரை எத்தனை பேர் அறிவர்? நிழலில் நிற்பவர்கள் மீது அபூர்வமாக ஒளி விழும்போதுகூட, அது ஒருவர் மீதே விழுகின்றது.

ஸ்டாருடன் அதே 1977இல் அவ்வணியின் டெக்கிள் ஆட்டக்காரர் பொரஸ்ட் கிறெக்கும் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார் என்பதை இங்கே குறிப்பிடுவது நியாயம். முன்வரிசையினர் முற்றாகப் புறக்கணிக்கப்பட்டனர் என்று நான் கூறவில்லை. அவர்களது பணியை அளக்கக் கோல் இல்லாமையே சிக்கல். ஓடியவருக்கு இத்தனை யார், எறிந்தவருக்கு இத்தனை யார் என்று பதிவேடு உண்டு. மறித்தவருக்கு என்ன எழுதுவது? குவாட்டர்பெக் எறிவதற்கு முன் வீழ்த்தப்படுவதை 'சாக்' என்பர். அதுவும் 1982ஆம் ஆண்டில்தான் வீழ்த்திய வீரரின் கணக்கில் உத்தியோகபூர்வமாகச் சேர்க்கப்படலாயிற்று. நடக்காமல் தடுக்கப்பட்டதற்குக் கணக்கு ஏது? மைதானத்தில் முன்வரிசை வீரரின் இலக்கம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவது பெரும்பாலும் அவர் எதிராளியைப் பற்றிப் பிடித்துத் தண்டனை பெறும்போதுதான்.

1978ஆம் ஆண்டில், எறிபவரைக் காக்கும்போது கைகளை நீட்டி, விரித்த உள்ளங்கைகளால் தடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. எறியும் ஆட்டம் செழித்தது. குவாட்டர்பெக்குகளின் புகழும் செழித்தது. அச்செழிப்புக்கு அடியில் கிடந்த உரம் முன்வரிசையினரின் கைகளே.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று வொஷிங்டன் அணி. 1982ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமில் முன்வரிசைப் பயிற்றுநர் ஜோ பியூகல் தம் வீரர்களைப் 'பன்றிகள்' என்று செல்லமாக அழைத்தார். அந்தப் பெயரைப் பெருமையுடன் சூடிக்கொண்டவர்களுள் ஜோ ஜகோபியையும் ஜெஃப் பொஸ்டிக்கையும் வருடாந்தத் தெரிவில் எந்த அணியும் எடுத்திருக்கவில்லை. தலைமைப் பயிற்றுநர் ஜோ கிப்ஸின் கீழ் அந்த அணி 1982, 1987, 1991 ஆகிய பருவங்களில் மூன்று தடவை 'சுப்பர் பவுல்' இறுதிப் போட்டியை வென்றது. மூன்றிலும் மூன்று வெவ்வேறு குவாட்டர்பெக்குகள்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். எறிந்தவர் மாறினார், ஜகோபி, பொஸ்டிக், ரஸ் கிறிம் ஆகிய மூவரும் மூன்று பருவங்களிலும் அணியில் இருந்தனர். 1991ஆம் ஆண்டின் 16 போட்டிகளிலும் சேர்த்து அந்த முன்வரிசை விட்டுக்கொடுத்த சாக்குகள் வெறும் 9.

பரிசுகள் யாருக்குச் சென்றன என்று பாருங்கள். 1982ஆம் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்த அணியின் மார்க் மோஸ்லிக்கு வழங்கியது. அவர் பந்தை உதைப்பவர். மறு ஆண்டில் அதே விருது தைஸ்மனுக்குக் கிடைத்தது. 1987, 1991 பருவங்களின் இறுதிப் போட்டிகளில் சிறந்த வீரர்களாக வில்லியம்ஸும் ரிப்பியனும் தெரிவாயினர். அந்த முன்வரிசையில் ஒருவருக்கேனும் இவ்விருதுகள் கிட்டவில்லை.

முன்வரிசையின் பெறுமதி ஒரு துயரத்தின் மூலமே பலருக்கு விளங்கியது. 1985 நவம்பர் 18ஆம் திகதி இரவு, நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் லோரன்ஸ் டெய்லர் தைஸ்மன் மீது பாய்ந்தபோது அவரது வலது கால் எலும்பு முறிந்தது. நாடெங்கும் தொலைக்காட்சியில் அதனைப் பார்த்தனர். தைஸ்மன் அதன்பின் ஆடவில்லை. வழமையாக இடது டெக்கிள் நிலையில் நிற்கும் ஜகோபி காயம் காரணமாக அன்று களத்தில் இல்லை. முறிவுக்கு அது ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும், வலக்கையால் எறிபவருக்கு இடப்புறமே கண்படாத முதுகுப்புறம். அங்கே நிற்பவர் யார் என்பது எத்தனை பெரிய கேள்வி என்பதை அந்த இரவு உணர்த்தியது.

சுவர் இல்லாதவரின் கதையையும் பார்ப்போம். 2002ஆம் ஆண்டில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, டேவிட் கார் என்ற இளைஞரை நாட்டின் முதல் தெரிவாக எடுத்தது. அவரைக் காக்கவென எடுக்கப்பட்ட இடது டெக்கிள் டோனி பொசெலி, தோள் உபாதையால் அந்த அணிக்காக ஒரு போட்டியிலேனும் ஆடவில்லை. அந்த முதற் பருவத்தில் கார் 76 தடவை வீழ்த்தப்பட்டார். அது சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற வேதனை. 2005இல் மேலும் 68 தடவை. பெரும் நம்பிக்கையுடன் வந்தவர் பின்னாளில் பதில் வீரராகவே களத்தை விட்டகன்றார். அவரை 'தோற்ற குவாட்டர்பெக்' என்று எழுதுவது எளிது. நிமிர்ந்து நிற்க விடப்படாத ஒருவரின் திறமையை எவர் அளந்தார்?

வொஷிங்டனில் சுவர் ஒன்று, எறிந்தவர் மூவர். கன்சாஸ் சிற்றியில் எறிந்தவர் ஒருவர், சுவர்கள் மூன்று. இக்காலத்தின் தலைசிறந்த குவாட்டர்பெக் எனப் பலராலும் கருதப்படும் பட்ரிக் மஹோம்ஸ், 2021 பெப்ரவரி 7ஆம் திகதி இறுதிப் போட்டிக்கு வந்தபோது அவரது வழமையான டெக்கிள்கள் இருவருமே காயத்தால் இல்லை. அவர் போட்டி முழுவதும் உயிர் தப்ப ஓடினார். 31க்கு 9 எனத் தோல்வி. அவரது அணி ஒரு 'டச்டவுன்' கூடப் பெறவில்லை.

அந்த அணியின் நிர்வாகம் குவாட்டர்பெக்கைக் குறைகூறாமல் சுவரைப் புதிதாகக் கட்டியது. ஜோ தூனி, ஒர்லாண்டோ பிரவுண் ஆகியோர் வேறு அணிகளிலிருந்து கொண்டுவரப்பட்டனர். கிறீட் ஹம்ப்ரி, டிரே ஸ்மித் ஆகிய இளையோர் தெரிவு செய்யப்பட்டனர். 2023 பெப்ரவரி 12ஆம் திகதி, அந்தப் பருவத்தில் 70 சாக்குகள் எடுத்திருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை அவர்கள் எதிர்கொண்டனர். மஹோம்ஸின் கணுக்கால் ஏற்கெனவே காயப்பட்டிருந்தது. அன்று அவர் ஒரு தடவையேனும் வீழ்த்தப்படவில்லை. 38க்கு 35 என வெற்றி. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, அதே ஈகிள்ஸ் அணி அவரை ஆறு தடவை வீழ்த்தி 40க்கு 22 என வென்றது. கார்ட் நிலைக்குரிய தூனி அன்று இடது டெக்கிள் நிலையில் நிற்க வேண்டியிருந்தது. மனிதர் அவரே, கையும் கண்ணும் அவையே. முன்னால் நின்ற சுவரே மாறியிருந்தது.

குவாட்டர்பெக் ஒன்றுமில்லை என்பது இதன் பொருளாகாது. பந்தை நெடுநேரம் வைத்திருந்து தாமே சாக்கை வரவழைப்பவர்களும் உண்டு. உறைபனியில் அந்த முடிவை எடுத்தவர் ஸ்டார்தான். வொஷிங்டனின் வெற்றிகளில் கிப்ஸின் மதிநுட்பத்துக்கும் பந்தைப் பிடித்தவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் மூன்று விநாடி இல்லையேல் எந்த முடிவும் செயலாவதில்லை.

வேடிக்கை என்னவெனில், பத்திரிகையாளர் காணத் தவறியதைச் சந்தை கண்டுகொண்டது. 1993ஆம் ஆண்டில் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய அணிக்குச் செல்லும் சுதந்திரம் பெற்றதும், இடது டெக்கிள்களின் ஊதியம் விறுவிறுவென உயர்ந்தது. ஆனால் செய்தியாளர்களின் வாக்கால் வழங்கப்படும் அந்த மிகச் சிறந்த வீரர் விருது, ஒரு முன்வரிசை வீரருக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒருவர் பெயர் அச்சாகும்போது, அதன் பின்னால் அச்சுக்கோப்பாளரும் ஒப்புநோக்குநரும் இயந்திரம் ஓட்டியவரும் விடிய விடிய நின்றதை அனுபவித்தவர்கள் நாம். பந்தைத் தொடர்ந்து செல்வது கண்ணின் இயல்பு. அதனை மாற்ற இயலாது. ஆனால் எழுத உட்காரும்போது ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம்: இவர் வென்ற அந்த மூன்று விநாடியை இவருக்குக் கொடுத்தவர்கள் யார்? கென் போமன்களின் பெயரை எழுத இன்னொரு 41 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.