களஞ்சியத்தின் சாவி யார் கையில்?



யோசேப்பின் களஞ்சியங்களைப் பற்றி நீங்கள் பல பிரசங்கங்களைக் கேட்டிருப்பீர்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, பஞ்சம் வந்த ஏழு ஆண்டுகளில் எகிப்து தேசத்தைக் காத்த வரலாறு அது. பெரும்பாலும் ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்தோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். 47-ஆம் அதிகாரத்தையும் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். சேர்த்து வைத்த தானியம் ஜனங்களுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. முதலில் பணம் போயிற்று. பிறகு ஆடுமாடுகள் போயின. கடைசியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். ஆசாரியர்களின் நிலம் மட்டும் தப்பியது. அவர்களுக்கு அரண்மனையிலிருந்து படி அளக்கப்பட்டது. எங்களைப் போன்ற போதகர்கள் அந்தப் பகுதியை அதிகம் பிரசங்கிக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!

தானியம் இருப்பது ஒன்று. அது பசித்தவனின் கலத்தில் விழுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை நம்முடைய முன்னோர் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றார்கள். நம் பாட்டிமார் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லி வந்ததையே குறிப்பிடுகிறேன். 1876-இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எங்கும் பயிர் கருகியது. 1878-இல் அது ஓய்ந்தபோது இறந்தவர்களின் எண்ணிக்கை ஐம்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த நாட்களில் இரயில் வண்டிகள் தானியத்தை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தன. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் குவிந்திருந்தன, காவலும் இருந்தது. வேலையும் கூலியும் இழந்த கூலியாளுக்கு அந்த மூட்டையின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடந்தவன் நிலமுடையவன் அல்ல. அவனுடைய வயலில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்தவன், அவனுக்கு நெய்து கொடுத்தவன், அவனுக்குச் செருப்புத் தைத்தவன்.

நிவாரணத்தைச் சிக்கனமாக நடத்தும்படி, இராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபு 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். இதே டெம்பிள் 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி வரவழைத்தவர். அங்கே சாவு மிகக் குறைவு. அதற்காகப் பாராட்டப்பட வேண்டியவர், அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று கண்டிக்கப்பட்டார். அந்தக் கண்டனத்தை அவர் மறக்கவில்லை. சென்னையில் நிவாரண வேலைசெய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும், உப்பு புளி காய்கறிக்கென ஒரு அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு இராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். அதை உண்டு, வெயிலில் மண் வெட்டிச் சுமக்க வேண்டும்.

இதை எதிர்த்தவர் மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ். உழைக்கிறவனுக்கு ஒன்றரை இராத்தல் தானியமாவது வேண்டும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். முகாம்களில் உடல் மெலிந்து சாகிறவர்களைச் சான்றாகக் காட்டி அவர் அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். 1877-இல் சென்னை அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் எத்தனை பேர்! அரை இராத்தலுக்காக நடந்த காகிதப் போர் அது. ஆயினும், பிரியமானவர்களே, அந்தக் காகிதங்களில் நியாயம் எந்தப் பக்கம் நின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அக்காலத்துத் திருச்சபையின் வரலாற்றிலும் நாம் அறிய வேண்டிய ஒரு பக்கம் உண்டு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலில் ஜான் கிளாவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனெரி ஊழியம் செய்துவந்தார். தோல் தொழில் செய்துவந்த மாதிகர் மக்களே அவருடைய சபையில் பெரும்பகுதி. பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டபோது, ஏறக்குறைய மூன்றரை மைல் நீளத்திற்கான குத்தகையை அவரே எடுத்துக்கொண்டார். மிஷனெரிக்கு மண்வேலை எதற்கு என்று கேட்கலாம். பிற இடங்களில் மேற்பார்வையாளரின் கையில் தாழ்த்தப்பட்ட மக்கள் அடியும் வசையும் பட்டார்கள். அளவு குறைந்தது என்று சொல்லிக் கூலியும் பிடிக்கப்பட்டது. கிளாவ் இளமையில் நில அளவை வேலை பார்த்தவர். தம் சபையின் ஊழியர்களையே மேற்பார்வையாளர்களாக வைத்தார். தங்குவதற்கு ஓலைக் குடிசைகள் போட்டார். குடிக்கக் கிணறு தோண்டினார். உழைத்தவனுக்கு உழைத்த கூலி முழுமையாகக் கைக்கு வந்தது. செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவரோ பஞ்சம் நீங்கும்வரை கொடுக்க மறுத்துவிட்டார். ஓராண்டுக்கு மேலாக ஓங்கோல் சபையில் ஞானஸ்நானம் நிறுத்தி வைக்கப்பட்டது. சோற்றுக்காக வந்தவன் என்ற பெயர் எவனுக்கும் வரலாகாது. விசுவாசத்திற்கு உணவு கூலியாகவும் ஆகலாகாது. நிவாரணம் முடிந்தபின் 1878 ஜூலை 3-ஆம் தேதி, குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மிஷனெரி வரலாறுகளில் இந்த எண் புகழ்பெற்றது. அந்த எண்ணைவிட அதற்கு முந்தைய காத்திருப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பஞ்சத்தின் முடிவில் ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் ஓர் ஆணையம் அமைந்து, 1880-இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. விலையேற்றம், ஊரை விட்டு மக்கள் அலைவது, களவு பெருகுவது ஆகிய அறிகுறிகளைக் கவனிப்பது; சாவு தொடங்குமுன் வேலைகளைத் திறப்பது; உழைக்க இயலாதவர்களின் பெயரை ஊர் ஊராகப் பட்டியலிடுவது ஆகியவற்றை அது அதிகாரிகளின் கடமையாக்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் தானிய வியாபாரத்தில் கைவைக்க அது துணியவில்லை. பஞ்சம் என்று அறிவிக்கும் மனமும் அதிகாரிகளிடமே விடப்பட்டிருந்தது. 1943-இல் வங்காளத்தில் அதன் விளைவைக் கண்டோம். பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி நின்றது. போர்க்காலத்தில் விலை பறந்தது. முந்தைய ஆண்டு புயல் வேறு. விதித்தொகுப்பு அலமாரியில் இருந்தது. பஞ்சம் என்று அறிவிக்கப்படவேயில்லை. ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் மாண்டார்கள். சிறுவனாக அதைக் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் 1981-இல் எழுதிய நூலில், பஞ்சம் என்பது உணவே இல்லாத நிலை மட்டுமல்ல, உணவைப் பெறும் உரிமையை ஒரு பகுதியினர் இழக்கும் நிலை என்று விளக்கினார்.

சுதந்திர இந்தியாவில் களஞ்சியம் வேறு வடிவம் பெற்றது. 1965 ஜனவரி 14-ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலையில் விவசாயியிடம் வாங்கி, கையிருப்பாகச் சேர்த்து, நியாயவிலைக் கடைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டைக் காட்டிக் குடும்பங்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் பங்கீட்டை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. வசதியுள்ளவனுக்கு எதற்கு அரிசி என்று சபையில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வடிகட்டுகிற சல்லடையில் முதலில் விழுந்து போகிறவர்கள் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். முகவரி இல்லாதவர்களும், அலுவலகத்தில் நின்று பேசத் தெரியாத விதவைகளும்தான்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது நம் வீடுகளில் அரிசி இருந்தது. நம் நகரங்களில் கட்டட வேலைக்கு வந்திருந்த பீகார், ஒடிசா மக்களின் குடும்ப அட்டைகளோ அவரவர் ஊரில் செல்லுபடியாயின, இங்கே செல்லவில்லை. கிடங்குகளில் தானியம் நிறைந்திருந்த ஆண்டு அது. மே மாதத்தில் அட்டை இல்லாத புலம்பெயர்ந்தோருக்கு இரண்டு மாதங்களுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் அறிவிக்கப்பட்டது. எந்த மாநிலத்து அட்டையும் எங்கும் செல்லும் திட்டத்தில் தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. உங்கள் தெருவில் புதிதாக எழும்பும் கட்டடத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர்களுக்கு அது தெரியுமா, அவர்கள் போகும் கடையில் எடை போட்டுக் கொடுக்கிறார்களா என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள்.