சேற்றில் கிடைத்த சரித்திரம்

காடு என்றதும், "மனிதன் கைபடாதது, ஆதிநாள் முதல் அப்படியே நிற்பது" என்று நாம் கூறிவிடுகிறோம். யார் கண்டார்கள்? மன்னர் முடிசூடிய ஆண்டையும் மடிந்த ஆண்டையும் மனப்பாடம் செய்வித்தே பழகிவிட்ட நம் போன்ற ஆசிரியர்களுக்கு, அதை அறியும் ஏடு எது என்பதே தெரியாது. டென்மார்க்கின் தாவரவியலறிஞர் யோகான்னஸ் ஈவர்சன் (1904–1971) அந்த ஏட்டைப் புரட்டினார். அது சதுப்புநிலச் சேறு!

மரஞ்செடிகள் உதிர்க்கும் மகரந்தத் தூள் காற்றிலே மிதந்து சதுப்பிலே படிகிறது; காற்றுப் புகாத சேற்றுக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கிறது. அடுக்கடுக்காய் அதை எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினால், எந்நாளில் எம்மரம் செழித்தது என்பது புலனாகும். சுவீடனின் லெனார்ட் வான் போஸ்ட் 1916இல் வகுத்துக் காட்டிய முறை இது. டென்மார்க் நிலவியல் ஆய்வகத்தில் அமர்ந்து ஈவர்சன் எண்ணினார், ஆண்டுக்கணக்கில் எண்ணினார்.

1941. நாடு செருமானியப் படையின் பிடியில் இருந்த நேரம். அவர் தம் முடிவை வெளியிட்டார். புதிய கற்கால அடுக்கொன்றில் பெருமரங்களின் தூள் சட்டெனக் குறைகிறது. புல் பெருகுகிறது. தானியத்தின் தூளும், கால்நடை மேயும் வெளிகளில் முளைக்கும் களையின் தூளும் தலைகாட்டுகின்றன; கரித்துகளும் உடன் கிடக்கிறது. பின்னர் பிர்ச், ஹேசல். அதன்பின் மீண்டும் பெருங்காடு. வானிலையின் விளையாட்டன்று, உழவனின் கைவேலை என்றார் ஈவர்சன்.

கற்கோடரி கொண்டு காட்டை அழிக்க இயலுமா? நியாயமான ஐயந்தான். அதற்கு விடையாக அவர் மேற்கோள் தேடவில்லை. 1950களில், தொல்லியலறிஞர் டிரோல்ஸ்-ஸ்மித் முதலியோருடன் தென் ஜட்லாந்தின் டிராவெட் காட்டுக்குச் சென்றார். அருங்காட்சியகத்துச் சிக்கிமுக்கிக் கல் கோடரிகளுக்குக் காம்பு பூட்டினர். மரம்வெட்டுந் தொழிலாளர் இரும்புக் கோடரியை வீசும் பாணியில் ஓங்கி வீச, கல் உடைந்தது! பிறகுதான், குறுகிய விரைவான வெட்டுகளே கல்லுக்கு ஏற்றவை எனக் கற்றனர். மூவர் சேர்ந்து ஏறத்தாழ 500 சதுர மீட்டர்க் காட்டை 4 மணி நேரத்தில் வெட்டி வீழ்த்தினர்.

வெட்டியதை எரித்துப் பழங்காலக் கோதுமையும் பார்லியும் விதைத்தனர். எரித்த நிலத்திலே பயிர் கொழித்தது. எரிக்காத நிலத்திலோ தேறவில்லை. மறு ஆண்டே எரித்த நிலத்திலும் விளைச்சல் சுருங்கிற்று. முன்பு அக்காட்டில் இல்லாத களைகள் வந்தேறின.

ஈவர்சன் சொன்ன அனைத்தும் அப்படியே நிற்கவில்லை. கதிர்க்கரிக் காலக்கணிப்பு வந்தபின், சிலவிடங்களில் உழவும் மேய்ச்சலும் அவர் கருதியதைவிட மிக நெடுங்காலம் நீடித்தன என்று தெரிந்தது. திருத்தம் வந்ததும் அதே சேற்றிலிருந்துதான்.