மன்னர் உருவம் பதித்த துணி: ஜூயி அச்சுத்துணியும் பிரெஞ்சுப் புரட்சியும்

1789 ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு, பிரான்சின் தேசியப் பேரவை நிலப்பிரபுக்களின் சிறப்புரிமைகளை ஒழிக்க முடிவு செய்தது. அம்முடிவுகளை ஆணையாக்கியபோது, பதினாறாம் லூயி மன்னருக்குப் ‘பிரெஞ்சு விடுதலையை மீட்டளித்தவர்’ என்னும் பட்டத்தையும் சூட்டியது. வெர்சாய்க்கு அருகிலுள்ள ஜூயி என்னும் ஊரின் அச்சுத்துணி ஆலை, அப்பட்டத்தையே பெயராகக் கொண்ட ஒரு துணியை வெளியிட்டது. அதன் ஓவியத்தை வரைந்தவர் ழான்-பாப்டிஸ்ட் யூவே. ஆலையை நடத்தியவர் ஜெர்மானியரான ஓபர்காம்ஃப்.

அந்த ஆலையின் தோற்றமே இந்திய நெசவோடும் சாயத்தோடும் பிணைந்தது. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் பிரான்சில் பெற்ற பெரும் வரவேற்பால், உள்நாட்டு நெசவாளரைக் காக்க 1686இல் அச்சுத்துணிக்குத் தடை விதிக்கப்பட்டது. 1759இல் தடை நீங்கியது; அடுத்த ஆண்டே ஜூயி ஆலை எழுந்தது. இதற்கிடையே, தமிழகக் கரையில் பணியாற்றிய சேசு சபைத் துறவி கேர்தூ, இந்தியச் சாயத்தொழிலின் படிநிலைகளை 1742இல் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தார். படிகாரம் தோய்ந்த இடத்தில் மட்டுமே சிவப்புச் சாயம் ஊன்றி நிற்கும் என்னும் நுட்பமே இத்தொழிலின் அடிப்படை. சோழமண்டலத்தில் சாயவேரால் செய்ததை ஐரோப்பியர் மேடர் என்னும் செடியின் வேரால் செய்தனர்.

1770 முதல் ஜூயியில் செப்புத்தகட்டு அச்சு வழக்கத்துக்கு வந்தது. மரக்கட்டையால் இயலாத நுண்கோடுகள் செப்பில் இயன்றன. மனித முகமும் அண்மைக்கால நிகழ்ச்சியும் திரைச்சீலைக்கு வந்தன. ஆயினும் தகட்டைச் செதுக்குதல் செலவும் காலமும் மிகுந்த வேலை. ஆகவே மன்னர் உருவத்தைச் செதுக்கிய ஆலை, அரசியல் அமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி நிலைக்கும் என்னும் நம்பிக்கையில் முதலிட்டது என்றே கொள்ள வேண்டும். 1790 ஜூலை 14இல் மன்னர் உறுதிமொழி ஏற்ற கூட்டமைப்பு விழாவையும் யூவே துணியோவியமாக்கினார்.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1791 ஜூனில் மன்னர் குடும்பத்தோடு தப்பியோட முயன்று வாரென் ஊரில் பிடிபட்டார். 1793 ஜனவரி 21இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சேன்-தெனி தேவாலயத்தின் அரச கல்லறைகளும் தோண்டப்பட்டன. மன்னரை விடுதலையின் காவலராகக் காட்டிய துணியோ இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. புரட்சியைக் கடந்து நிலைத்த ஓபர்காம்ஃபுக்கு 1806இல் நெப்போலியன் விருதளித்தார்.

இத்தகைய துணிகளை அரசபக்தியின் சான்றாக மட்டும் வாசிப்பது போதாது. 1789க்கும் 1791க்கும் இடையில், புரட்சியும் மன்னரும் ஒருங்கே வாழ முடியும் என்று பலர் எண்ணிய குறுகிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு அக்காலம் எளிதில் புலப்படுவதில்லை. சாயம் ஊன்றிய பருத்தி அதை அழியாமல் காத்து வைத்திருக்கிறது.