பழவேற்காட்டுக் கடற்காவல் உடன்படிக்கை

கடலைக் காத்தல் ஒரு நாட்டாரால் மட்டும் முடிவதன்று. கரைக்கு எல்லை உண்டு. கடல்வழிக்கு எல்லை இல்லை. ஒரு துறையினின்று புறப்படும் கலம் பல நாட்டார் காவலைக் கடந்தே மற்றொரு துறையை எய்துகின்றது. ஆதலின் கடற்காவலில் நாடுகள் கூடி இயங்குதல் இன்றியமையாததாகின்றது. இக்கூட்டுறவு அண்மைக் காலத்தில் தோன்றிய புதுமை எனக் கருதுவாரும் உளர். அஃது அவ்வாறன்று என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையிலேயே சான்று கிடைக்கின்றது. கி.பி. 1619-இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட கூட்டுக் காவல் உடன்படிக்கையில் பழவேற்காடு தனியிடம் பெற்றிருந்தது. இருபது ஆண்டுகள் நிலவவேண்டும் என்று வகுக்கப்பட்ட அவ்வேற்பாடு ஐந்தாண்டுகள்கூட நிலவவில்லை. அது முறிந்த காரணங்களை ஆராய்ந்து, அவற்றைக்கொண்டு இக்காலக் கூட்டுறவினை அளந்து காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கரையில் கடல்வணிகர்க்குப் பாதுகாப்பு அளித்தல் முன்னரும் இருந்ததே. காகதீய வேந்தன் கணபதிதேவன் மோட்டுப்பள்ளியில் 1244-இல் பொறித்த அபய சாசனம், புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலத்தின் சரக்கினைக் கவரும் பழைய வழக்கத்தை நீக்கி, எந்நாட்டு வணிகர்க்கும் அடைக்கலம் அளித்தது. இஃது ஒரு வேந்தன் தானே முன்வந்து அளித்த உறுதிமொழி. பிற நாட்டாரோடு செய்துகொண்ட உடன்பாடு அன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இம்முறைக்கு நேர்மாறாக நடந்தனர். தம் அனுமதிச் சீட்டு இன்றிச் செல்லும் கலங்களைப் பறித்துக்கொள்ளும் உரிமையைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டனர். காவல் என்னும் பெயரால் கப்பம் பெறும் முறை இது.

இதனை எதிர்த்தவருள் முதன்மையானோர் ஒல்லாந்தர். கடல் யாவர்க்கும் பொது என்னும் கொள்கையை நிலைநாட்டக் குரோஷியஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர் 1609-இல் நூல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, விசயநகர வேந்தர் வேங்கடபதி தேவராயரிடம் இசைவு பெற்று ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை நிறுவினர். மலுக்குத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்க இக்கரையின் துணிகளே வேண்டியிருந்தன. 1612-இல் போர்த்துகீசியர் அப்பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன்பின் 1613-இல் கெல்திரியாக் கோட்டை உருப்பெற்றது.

ஈண்டு ஒரு முரண்பாடு நோக்கத்தக்கது. 1611-இல் ஹிப்பன் என்பார் தலைமையில் குளோப் என்னும் ஆங்கிலக் கலம் பழவேற்காட்டுக்கு வந்தது. ஒல்லாந்தர் தம் தலைவரின் இசைவுச் சீட்டு இல்லார்க்கு இங்கு வாணிகம் இல்லை என்று கூறி அக்கலத்தைத் திருப்பியனுப்பினர். அஃது அங்கிருந்து வடக்கே மசூலிப்பட்டினம் சென்றது. கடல் பொது என்று ஐரோப்பாவில் வழக்காடியவர்களே பழவேற்காட்டில் துறையை அடைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

இவ்விரு கும்பினியாரின் பூசல் கிழக்குக் கடல் முழுவதும் பரவியது. அதனைத் தீர்க்க இரு நாட்டரசுகளும் தலையிட்டு 1619-இல் இலண்டனில் உடன்படிக்கை செய்தன. அதன்படி, இரு கும்பினிகளும் தத்தம் பங்குக்குப் பத்துப் போர்க்கலங்கள் தரவேண்டும். இருதரப்பினரும் அமர்ந்த காவல் மன்றம் ஒன்று அவற்றை நடத்தவேண்டும். பழவேற்காட்டில் ஆங்கிலேயர் வாணிகம் செய்யலாம். அதற்கு ஈடாகக் கோட்டைக் காவற்படையின் செலவில் பாதியை அவர்கள் ஏற்கவேண்டும். 1621-இல் ஆங்கிலேயர் இங்குப் பண்டகசாலை அமைத்தனர். 1623-இல் அதனைக் கைவிட்டனர். பின்னர் 1626-இல் ஏரிக்கு வடக்கே துகராஜபட்டினத்திலும், 1639-இல் சென்னையிலும் தமக்கெனத் தனியிடம் தேடிக்கொண்டனர்.

உடன்படிக்கை முறிந்தமைக்கு நான்கு காரணங்கள் கூறலாம். முதலாவது, அதன் குறிக்கோளே பிறரை விலக்குதலாக இருந்தது. போர்த்துகீசியரையும் இசுபானியரையும் கடலினின்று அகற்றுதற்குக் கூடியவர்கள், அப்பகை தணிந்த இடத்தில் தமக்குள் பகைத்தனர். இரண்டாவது, செலவு சமமாயிற்று, அதிகாரம் சமமாகவில்லை. கோட்டையின் ஆணை ஒல்லாந்தர் கையிலேயே இருந்தது. மூன்றாவது, இருவர்க்கும் பொதுவான முறைமன்றம் இல்லை. அதே 1623-இல் அம்பாய்னாத் தீவில் ஒல்லாந்தர், சதிக்குற்றம் சாட்டித் தம் கூட்டாளிகளாகிய ஆங்கிலேயர் பதின்மரைத் தாமே உசாவித் தாமே கொன்றனர். வழக்காடியும் தீர்ப்பாளியும் ஒருவராயின் கூட்டுறவு எங்ஙனம் நிலைக்கும்? நான்காவது, இக்கரைக்கு உரியவர்கள் அவ்வேற்பாட்டில் இடம் பெறவேயில்லை. துணி நெய்தவரும் கலம் செலுத்தியவரும் உடன்படிக்கையில் ஒரு தரப்பினர் அல்லர். அவ்வாறு காக்கப்பட்ட கடல்வழியே பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்கள் அடிமைகளாகப் பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யாருக்குக் காவல் என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்புகின்றது.

இனி அண்மைக் காலத்தை நோக்குவோம். 1999 அக்டோபரில் ‘அலோந்திரா ரெயின்போ’ என்னும் ஜப்பானியருக்கு உரிய கலம், அலுமினியப் பாளங்களுடன் இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டுக் கடற்கொள்ளையரால் கைப்பற்றப்பட்டது. மாலுமிகள் பதினேழு பேர் மிதவையில் விடப்பட்டனர். பல நாள்கள் கழித்து அவர்களை மீட்டது போர்க்கலம் அன்று. தாய்லாந்து மீனவர் படகே. கோலாலம்பூரிலிருந்து பரப்பப்பட்ட செய்தியைத் துணையாகக்கொண்டு, இந்தியக் கடலோரக் காவற்படையும் கடற்படையும் அக்கலத்தை மேலைக் கடலில் மடக்கிப் பதினைவரைச் சிறைப்பிடித்தன. இந்நிகழ்ச்சியின் பயனாக, 2000-இல் இந்திய, ஜப்பானியக் கடலோரக் காவற்படைகள் சென்னைக்கு அப்பாலுள்ள கடலில் கூட்டுப் பயிற்சி நடத்தின. கடற்கொள்ளையை ஒடுக்குதற்கு ஆசிய நாடுகள் 2004-இல் வகுத்த உடன்படிக்கை 2006-இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் செய்திப் பரிமாற்ற நடுவம் அமைந்தது.

இவ்வுடன்படிக்கையை முற்கூறிய நான்கு அளவைகளால் அளந்து காண்போம். இது யாரையும் வாணிகத்தினின்று விலக்குவதன்று, முதற்குறை நீங்கிற்று. ஒவ்வொரு நாடும் தன் கடலில் தன் ஆணையை வைத்துக்கொண்டே செய்தியைப் பகிர்கின்றது. ஆதலின் இரண்டாம் குறையும் பெரும்பாலும் நீங்கிற்று எனலாம். எனினும் நடைமுறைக்கு வந்த காலத்தில் மலாக்கா நீரிணையின் இருகரை நாடுகளாகிய மலேசியாவும் இந்தோனேசியாவும் இதில் சேர்ந்தில. தம் இறைமைக்கு இழுக்கு நேருமோ என்னும் அச்சம், பழவேற்காட்டின் வரலாறு அறிந்தார்க்கு வியப்பளிப்பதன்று.

மூன்றாம் குறையோ நெடுநாள் நீங்கவில்லை. சிறைப்பட்ட கொள்ளையர்க்கு மும்பை நீதிமன்றம் 2003-இல் தண்டனை விதித்தது. 2005-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கடற்கொள்ளைக்கென இந்தியாவில் அன்று தனிச்சட்டம் இல்லை. கூட்டுறவால் பிடிபட்டோர் சட்டக் குறையால் தப்பினர். இதனை நிறைவு செய்யும் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் 2022-இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கலம் கூடுவது எளிது. சட்டம் கூடுவது அரிது என்பது இதனால் பெறப்படும்.

நான்காம் குறையே இம்மாவட்டத்தார் சிந்தித்தற்கு உரியது. பழவேற்காட்டுக்குத் தெற்கே 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் வாழ்வு இக்கடல்வழியின் காவலோடு பிணைந்துள்ளது. 2022-இல் அமெரிக்கக் கடற்படைக் கலம் ஒன்று காட்டுப்பள்ளியில் பழுதுபார்க்கப்பட்டமை, இக்கரை மீண்டும் நாடுகளின் கடற்கூட்டுறவில் இடம்பெற்றதைக் காட்டும். ஆயின் அக்கடலை நாள்தோறும் காண்பவர் பழவேற்காட்டு மீனவரே. அயற்படகு எது, வழிமாறிய கலம் எது என்பதை முதலில் அறிபவர் அவர். 2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலில் பகைவர் வந்தது கைப்பற்றிய மீன்படகில் என்பதனையும், 1999-இல் மாலுமிகளைக் காத்தது மீன்படகே என்பதனையும் இணைத்து எண்ணுதல் வேண்டும். அவர்களை ஐயத்திற்குரியோராக மட்டும் நோக்கி அடையாளச் சீட்டு வழங்குவது போதாது. காவலின் பங்காளிகளாகக் கொள்ளுதல் வேண்டும்.

கெல்திரியாக் கோட்டை அழிந்தது; ஒல்லாந்தர் கல்லறைகள் எஞ்சின. வலியார் இருவர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு நிலைக்காது என்பதே 1619-ஆம் ஆண்டு ஏற்பாடு நமக்கு உணர்த்துவது. குறிக்கோள் பொதுவாகவும், அதிகாரம் செலவுக்கு ஒப்பவும், சட்டம் யாவர்க்கும் ஒன்றாகவும், கரைவாழ்நர்க்கு இடமுடையதாகவும் அமையும் கூட்டுறவே நிலைபெறும். முதல் மூன்றினை நாடுகள் மெல்ல எய்தி வருகின்றன. நான்காவது இன்னும் எஞ்சி நிற்கின்றது.