இணைய விதிகள் பிறந்த வரலாறு

கடிதம் ஒன்று உரியவரைச் சேர இரண்டு வேண்டும்: ஒன்று முகவரி; மற்றது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. வலப்பனைத் தோட்டப் பகுதியில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோர் வழியாகவே வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்த துயரம் நம்மிற் பலருக்குண்டு. ஆகவே, இடையில் எவர் தயவையும் வேண்டாது செய்தி செல்லும் இணையத்தின் வரலாறு நாம் அறிய வேண்டியதாகும்.

1969 ஆம் ஆண்டில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில், நான்கு ஆராய்ச்சி நிலையங்களின் கணினிகளை இணைக்கும் முயற்சி நடந்தது. கணினிகள் தம்முட் பேசும் விதியை வகுக்கும் வேலை பட்டப்பின் படிப்பு மாணவர் சிலரிடம் வந்தது. அவர்களுள் ஸ்டீவ் குரொக்கர் என்பார் ஏப்ரல் 7 ஆந் திகதி முதற் குறிப்பை வெளியிட்டார். கட்டளையிடும் அதிகாரம் தமக்கில்லை என உணர்ந்து, ‘கருத்துரை வேண்டுதல்’ எனப் பொருள்படும் பெயரை அவ்வரிசைக்கு இட்டார். இன்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட அக்குறிப்புகளை எவரும் விலையின்றிப் படிக்கலாம். குறை கண்டால் எழுதலாம்.

1974 இல் வின்ட் சேர்ஃப், பொப் கான் இருவரும் பல வலைகளை ஒன்றிணைக்கும் விதியை வெளியிட்டனர். அதன்படி செய்தி சிறு பொதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பொதியும் முகவரி தாங்கித் தனியே செல்லும். வராத பொதி மீண்டும் அனுப்பப்படும். 1983 சனவரி 1 இல் ஆர்ப்பாநெட் வலை இவ்விதிக்கு மாறிற்று. அந்நாளில் பெரிய கம்பனிகள் தத்தம் இயந்திரங்களுக்கெனத் தனி விதிகள் வைத்திருந்தன. இப்பொதுவிதியோ எந்தக் கம்பனிக்கும் சொத்தாகாமையால் எல்லார்க்கும் உரியதாயிற்று.

அதன் பயன் நம் நாட்டையும் அடைந்தது. 1990 இல் இலங்கைக்குரிய ‘எல்.கே.’ என்னும் முகவரிக் குறி பதிவாயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முதலியோர் பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சலை ஏற்படுத்தினர். தொடக்கத்தில் முகவரிகள் ஆங்கில எழுத்திலேயே அமைந்தன. பிற எழுத்துகளுக்கும் இடமளிக்கும் குறிப்புகள் 2003 இல் வெளியாயின. 2010 இல் ‘.இலங்கை’ எனத் தமிழிலேயே குறி கிடைத்தது.

வாலிபர்களே, முதற் குறிப்பை எழுதியபோது குரொக்கருக்கு வயது 24. பதவியோ பட்டமோ அவருக்குத் துணையாகவில்லை. எழுதி முன்வைத்து, பிறர் கருத்தைக் கேட்டார். நமக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது. இணையத்திற் கணினிக்கும் முகவரி உண்டு. மனிதர் வாழும் லயன் வீட்டுக்கு இல்லாதிருத்தல் முறையோ? ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டுமென நம் சங்கங்கள் எழுதட்டும், கிடைக்கும்வரை எழுதட்டும்.