காமரூபத்து அகில் நெய்

அகில் என்றவுடன் தமிழ் மாணவர் நினைவில் எழுவது அதன் புகையே. மகளிர் தம் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியதைச் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன; கீழ்காற்றோடு வந்த மரக்கலங்கள் அகிலைக் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை குறிக்கின்றது. ஆயின், அம்மரத்தின் நெய்யைப் பற்றி அறிய விரும்பின், இன்றைய அசாமை உள்ளடக்கிய பழைய காமரூபத்தை யாம் நோக்குதல் வேண்டும்.

7ஆம் நூற்றாண்டில் காமரூப வேந்தன் பாஸ்கரவர்மன், ஹர்ஷனது நட்பை விழைந்து விடுத்த கையுறைகளுள், மூங்கிற் குழாய்களில் அடைத்த கரிய அகில் நெய்யும், அகிற்பட்டை ஏடுகளில் எழுதப்பெற்ற நூல்களும் இருந்தனவென்று பாணபட்டர் ஹர்ஷசரிதத்திற் கூறுகின்றார். அந்நெய் இன்று அசாமில் வடிக்கப்பெறும் நெய்தானா என்பதே ஈண்டு எழும் வினா.

நோயற்ற அகில் மரம் வெளிறியது, மென்மையானது, மணமற்றது. துளைப்புழுவும் பூஞ்சணமும் தாக்கியவிடத்து, தன்னைக் காத்தற்பொருட்டு மரம் சுரக்கும் பிசினே கருமையும் மணமும் தருகின்றது. அசாமில் நெய் வடிப்போர் அப்பகுதியைச் சிறு சிராய்களாக்கிப் பல நாள் நீரில் ஊறவைத்து, நீரோடு கலத்திலிட்டுக் காய்ச்சுவர். ஆவி குளிர்ந்து நீராகியபின் மேலே மிதக்கும் நெய்யை வழித்தெடுப்பர். ஊறலிற் புளிப்பேறுதலால், அந்நெய் முதலில் பதனிட்ட தோலையும் மாட்டுத் தொழுவத்தையும் நினைவூட்டும் கடுமணம் வீசும். நேரஞ் செல்லச் செல்ல இனிய மரமணமாகக் கனியும்.

முகலாயர் காலத்து முறையொன்று இதனின் வேறானது. அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய அயினி அக்பரி, 'சூவா' என்னும் அகில் வடிநெய்யைப் பற்றி விரித்துரைக்கின்றது. மண் பூசிய சிறு குப்பியில் அகிற்றுண்டுகளை இட்டுத் தலைகீழாக நிறுத்தித் தீ மூட்டிக் கீழே சொட்டுவதை ஏந்துவர். தீயாற் பெறும் அந்நெய்யிற் புகைமணம் மிகுதல் இயல்பே.

இவ்வாறு முறை மாற மணமும் மாறும். பாணர் நெய்யைச் சொன்னாரேயன்றி, அதனை ஆக்கிய முறையைச் சொன்னாரல்லர். எனவே, பெயர் ஒன்றாதல் கொண்டு மணமும் ஒன்றெனத் துணிதல் வரலாற்று நெறியன்று.

மணத்தின்பொருட்டு மரமே அருகிவிட்டது. 1995இல் அசாம் அகிலும், 2004இல் இலங்கை வல்லப்பட்டை உட்பட அதன் இனங்கள் யாவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுட் கொணரப்பெற்றன. ஏட்டுச் சான்று எஞ்சினும் மரம் எஞ்சாதாயின், பாணர் குறித்த மணத்தை ஆராய்தற்கு வழியில்லை.