பாறையில் இருந்தது, குடத்துக்கு வந்தது: தகடூர் நாட்டின் தண்ணீர் வரலாறு

காவிரி தமிழகத்துக்குள் நுழையும் வாயில் தருமபுரி மாவட்டம். ஒகேனக்கல்லில் அது அருவியாய் வீழ்வதைக் காண ஊரெல்லாம் திரண்டு வருகிறது. அதே மாவட்டத்துச் சிற்றூர்களில், சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பிள்ளைகளையும் நாம் காண்கிறோம். அவர்கள் பல்லில் படிந்திருக்கும் பழுப்புக் கறை தேய்த்தால் போவதன்று. முதியோர் சிலருக்கு முழங்கால் மடங்குவதில்லை; முதுகு நிமிர்வதில்லை. இரண்டுக்கும் காரணம் குடிநீரில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடு. மண்ணின் இயல்பு அப்படி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆயின் பாறையில் தொன்றுதொட்டுக் கிடந்த ஒரு பொருள் நம் குடத்துக்குள் இவ்வளவு மிகுதியாக எப்படி வந்தது என்று கேட்டால், விடையை வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பழைய தகடூர் நாடுதான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நிலம். இப்பகுதியில் கிடைத்துள்ள நடுகற்கள் பலவும் ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மாண்ட வீரர்க்கு எடுக்கப்பட்டவை. மாடே செல்வமாக இருந்த புன்செய் நாடு இது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. காவிரி அருகே ஓடினும் ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டு நிலத்துக்கு அது ஏறி வராது. ஆகவே இங்குள்ள மக்கள் வானத்தை நம்பினர். மழைநீரை ஏரிகளில் தேக்கினர். குறைந்த நீரில் விளையும் கேழ்வரகையும் சாமையையும் உண்டனர். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்ததாகப் புறநானூறு பேசுவதையும் மறந்துவிடக் கூடாது. நீர் மிகுதியாக வேண்டும் பயிரின் மீதான ஆசையும் இம்மண்ணில் பழையதே.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நிருவாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி வகுத்தனர். பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய இரயத்துவாரி முறை இங்கேதான் உருவாயிற்று. உழவனோடு அரசு நேரடியாகக் கணக்குப் பார்த்த முறை அது. இதில் உழவனுக்கு நன்மைகள் உண்டு. ஆனால் ஏரி எந்தத் தனி உழவனுக்கும் உரியதன்று. அது ஊருக்கு உரியது. ஊரை விடுத்து ஆளைப் பார்த்த ஆட்சியில் ஊர்ப்பொதுவின் பராமரிப்பு தளர்ந்தது என்று நீர்ப்பாசன வரலாற்றாளர் பலர் கருதுவர். குடிமராமத்தைக் கட்டாயமாக்க 1858-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. தானாக நடந்துவந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே அவ்வேலை தளர்ந்ததற்கு அடையாளம். 1876-78 பெரும் பஞ்சத்தில், தருமபுரியை உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கொடிய இழப்பைக் கண்டது.

அடுத்த திருப்பம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. கவலை ஏற்றம் போய் மின் இறைப்பான் வந்தது. மாட்டின் வலிமையே இறைப்பின் எல்லையாக இருந்த காலம் முடிந்தது. 1990 வாக்கில் எல்லா உழவர்க்கும் கட்டணமில்லா மின்சாரம் என்றானபோது, எஞ்சியிருந்த தடையும் நீங்கிற்று. கிணறுகள் வற்றின; கிணற்றுக்குள்ளும் வயலிலும் துளை போட்டனர். இதற்கிடையே, 1960-களின் வறட்சிக்குப்பின், யூனிசெஃப் போன்ற அமைப்புகளின் துணையோடு நாட்டின் கடினப்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. தெருவுக்கொரு கைப்பம்பு வந்தது. காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அஞ்சிய காலத்தில் அது பெரும் அறச்செயல் என்பதில் ஐயமில்லை. கிருமியற்ற நீர் கிடைத்தது. அந்நீரில் வேறென்ன கரைந்திருக்கிறது என்று அன்று போதிய அளவில் யாரும் சோதிக்கவில்லை. வங்கதேசத்திலும் இதே நல்லெண்ணத்தோடு போடப்பட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1990-களில்தான் தெரியவந்தது.

அறிவியல் அறியாததன்று இது. 1937-இலேயே சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு நோயை மருத்துவர்கள் கண்டறிந்து எழுதியிருந்தனர். தருமபுரியின் அடித்தளம் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள பயோடைட், அபடைட் முதலிய கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. நீர் பாறையோடு எவ்வளவு காலம் உறவாடுகிறதோ அவ்வளவு கரையும். மேல்மட்ட நீர் ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்படுவது. ஆழத்து நீரோ பெரும்பாலும் நெடுநாள் தேங்கியது. நாம் ஆழப் போகப்போக நஞ்சின் அருகே போனோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் 1 மில்லிகிராமையே விரும்பத்தக்க அளவாகக் கொள்கிறது.

இதற்கு அரசு கண்ட தீர்வு காவிரி. கர்நாடகத்தோடு 1998-இல் ஏற்பட்ட இணக்கத்துக்குப்பின், ஜப்பானிய நிதியுதவியோடு 2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டே எல்லைக்கு அப்பாலிருந்து எதிர்ப்பும் எழுந்தது. 2013-இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கு இது வாழ்வளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பள்ளத்தில் ஓடும் ஆற்றை மேட்டுக்கு ஏற்றுவது மின்சாரம். ஒவ்வொரு குடத்திலும் எங்கோ எரிந்த நிலக்கரியின் கணக்கு கலந்திருக்கிறது. ஆற்று நீர் போதாத நாளில் ஆழ்துளை நீர் அதனோடு கலந்து வருவதும் உண்டு.

ஏரி தளர்ந்தபோது கிணற்றுக்குப் போனோம். கிணறு வற்றியபோது பாறையைத் துளைத்தோம். பாறை நஞ்சு தந்தபோது ஆற்றைத் தூக்கி வந்தோம். ஒவ்வொரு முறையும் நீரின் வரவைப் பெருக்கினோமேயன்றி செலவைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த வரலாற்றில் நாம் படிக்க வேண்டியது இதுவே.

செலவைக் குறைக்க வழியில்லாமல் இல்லை. மழைநீரில் ஃபுளோரைடு இல்லையென்றே சொல்லலாம். 2003-இல் சட்டத்தின் அச்சத்தால் கட்டிய மழைநீர்க் குழிகளை இன்று எத்தனை வீடுகளில் தூர்வாருகிறோம்? கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் செறிவே கூடும். வீட்டு ஆர்.ஓ. கருவி அதை அகற்றும்; ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடங்களைக் கழிவாக்கி, நஞ்சைச் செறிவாக்கி, மீண்டும் மண்ணுக்கே அனுப்பும். ஆகவே சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும் அந்நீர். கழிவு நீர் பாத்திரம் துலக்க, தரை கழுவ.

உணவிலும் இவ்வரலாறு இருக்கிறது. கேழ்வரகில் அரிசியைக் காட்டிலும் பன்மடங்கு சுண்ணச்சத்து உண்டு. நெல்லிக்கனியில் வைட்டமின் சி மிகுதி. ஃபுளோரைடின் தாக்கத்தைக் குறைக்க மருத்துவர் பரிந்துரைப்பவை இச்சத்துகளே. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லியும் தகடூர் மக்கள் உண்ட களியும் நோயைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை; நஞ்சு கலந்த நீருக்கு மாற்று நல்ல நீர்தான். ஆனால் களி உண்ணும் வீடு, நீர் குறைவாய்க் குடிக்கும் பயிரையும் வாழவைக்கிறது. அவ்வளவுக்கு ஆழ்துளையின் வேலை குறைகிறது.

பல்லில் விழுந்த கறை மறையாது. நிலைப்பல் உருவாகும் பருவத்தில், அதாவது எட்டு வயதுக்குள், குடித்த நீர் எழுதிய எழுத்து அது. இப்போது அந்த வயதில் இருக்கும் பிள்ளைகளின் பல்லில் என்ன எழுதப்படும் என்பது மட்டுமே இன்னும் நம் கையில் இருக்கிறது.